பக்க அட்டவணை

ஒவ்வொரு நிரலும் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தமென எண்ணுகிறது. அது சொல்லும் பொய் முகவரியை மெய் முகவரியாக மாற்றும் ஏடே பக்க அட்டவணை. 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணிப்பொறி தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியைக் காண்போம். அதில் முகவரிக்கு 39 பிட்டுகள். பக்கத்துக்கு 4096 பைட்டுகள். பக்கத்துக்குள் இடம் காட்ட 12 பிட்டுகள் போக எஞ்சுவன 27. அப்படியானால் பக்கங்கள் 13 கோடிக்கு மேல்! பதிவொன்றுக்கு 8 பைட்டுகள் என்றால், ஒரே நிரலின் ஏட்டுக்கு 1 ஜிகாபைட் வேண்டும். கட்டுப்படியாகுமா?

வைட்ஃபீல்டின் அடுக்குமாடிகளில் பிளாக், மாடி, கதவெண் என்றுதானே வீடு தேடுகிறோம்? அவ்வாறே 27 பிட்டுகளையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்தனர். ஓர் ஏட்டில் 512 பதிவுகள். சரியாக ஒரு பக்கம். ஆளில்லா மாடிக்கு ஏடே வேண்டாம். சிறு நிரலுக்கு மூன்று ஏடுகள், 12 கிலோபைட், போதும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று ஏடு புரட்டினால் வேகம் என்னாவது? ஆகவே செயலி, கண்ட விடைகளை டி.எல்.பி. என்னும் குறிப்பேட்டில் வைத்துக்கொள்கிறது. ஆபத்தும் அங்கேதான். ஒரு நிரலின் பக்கத்தைப் பிறிதொன்றுக்குக் கொடுத்த பின்னும் பழைய குறிப்பு அழியாதிருந்தால், முன்னவன் பின்னவனின் கடவுச்சொல்லையும் படித்துவிடுவான் அன்றோ? எனவே கெர்னல் முதலில் பதிவை அழிக்கும். பிறகு எல்லாக் கோர்களின் குறிப்பையும் அழிப்பிக்கும். அதன் பின்னரே பக்கத்தைக் கைமாற்றும்.