குளத்துச் செடியில் கூடை

கேள்வி: சிங்காநல்லூர் குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அதில் கூடை பின்னலாமா?
– வாசகி, கோவை

பதில்: பின்னலாம். கவுகாத்தி அருகே தீபோர் பில் ஏரியோர மீனவப் பெண்கள் அதில் யோகா பாயே நெய்கிறார்கள்.

எல்லாத் தண்டும் உதவாது. இடமிருந்தால் தண்டு குட்டையாக, பந்துபோல் உப்பிவிடும். நெருக்கியடித்து வளரும் இடத்தில்தான் இரண்டடிக்கு மேல் நீளும்; அதைத்தான் வெட்ட வேண்டும். தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பத்து கிலோ அறுத்தால், காய்ந்தபின் ஒரு கிலோ தேறாது! நல்ல வெயிலில் பழுப்பு நிறமாகக் காயவிட்டு, பின்னும் முன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் முறியும். மூன்று தண்டைச் சடையாகப் பின்னிச் சுற்றினால் உறுதி கூடும். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

ஒரு சங்கடம்: நம் குளங்களில் சாக்கடை கலக்கிறது. இந்தச் செடி உலோகக் கழிவுகளை உறிஞ்சும், வேரில் அதிகமாக. வேரைத் தொடாமல் வெட்டுங்கள், கையுறை போடுங்கள். அந்தக் கூடையில் காய்கறி, பழம் வைக்காதீர்கள். துணி, செய்தித்தாளுக்குப் போதும்.

சாப்பாட்டுப் பக்கம் வைக்கத்தான் கூடை என்றால், என் ஓட்டு கோரைக்கு. கரூர், மோகனூர், பரமத்திவேலூர் பக்கம் காவிரிக் கரையில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஒருமுறை நட்டால் பல ஆண்டு அறுக்கலாம். ஒரு கட்டு வாங்கி முதலில் அதில் கை பழகுங்கள். குளத்தில் இறங்குவதானால் மாநகராட்சியிடம் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள்.