பாறைச் சரிவில் குதிரைச் சவாரி: லாடம் பார்க்காமல் ஏறக்கூடாது

பெங்களூரை அடுத்த நந்தி மலையின் அடிவாரப் பாதைகள் சவாரிப் பள்ளியின் மணல் திடல் போன்றவை அல்ல. கடல்மட்டத்திலிருந்து 1478 மீட்டர் உயரமுள்ள அந்தக் கருங்கல் மலையைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்களும் செம்மண் வண்டித்தடங்களும் உண்டு. அவற்றின் நடுவே மொட்டைப் பாறை தலைகாட்டும். வெயிலிலும் மழையிலும் கருங்கல் ஏடு ஏடாக உரிந்து பொடிக்கல்லாக உதிர்கிறது. பாறையைவிட அந்தப் பொடிதான் ஆபத்து. குளம்பின் அடியில் உருண்டு காலை இழுத்துக்கொண்டு போகும்.

பழைய காலத்துச் சவாரிக்காரர்களின் நிலை வேறு. மைசூர் கமிஷனராக 1834 முதல் 1861 வரை இருந்த மார்க் கப்பனுக்கு நந்தி உச்சியில் கோடை மாளிகை இருந்தது. ஷிராஸிலிருந்து வந்து பெங்களூரில் குதிரை வியாபாரம் செய்த ஆகா அலி அஸ்கர் அவருக்கு நெருங்கியவர். அஸ்கரின் லாயங்கள் இருந்த இடத்தில்தான், நீலசந்திராவுக்குப் பக்கத்திலுள்ள ஜான்சன் மார்க்கெட் இன்று நிற்கிறது. அவர்களைப் போன்றவர்களுக்குச் சொந்தக் குதிரையும் லாயமும் இருந்தன. நீலசந்திராவிலிருந்து ஞாயிறு விடியுமுன் பைக்கில் 60 கிலோமீட்டர் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. அடிவாரப் பண்ணையில் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைப்பதே அவருடைய குதிரை.

சேணம், வயிற்றுவார், அங்கவடி, தலைக்கவசம் ஆகியவற்றை எல்லாரும் பார்க்கிறார்கள், பண்ணைக்காரர்களும் சொல்லித்தருகிறார்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. இவற்றுக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அதிகம் செலவு வைக்கும் தவறு, நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்காமல் ஏறுவது. “நேற்றுத்தான் லாடம் அடித்தோம்” என்ற பதில் எங்கும் கிடைக்கும். அந்தப் பதிலை நம்பினால் கடைசியில் இழப்பு ஏறினவருக்குத்தான். லாடத்தைப் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். காலம் கடந்தால் ஆணிகளின் பிடி தளர்கிறது. குளம்புச் சுவரில் மடக்கி வைத்த ஆணிமுனைகள் மேலெழும்பி விரலில் தட்டுப்பட்டாலோ, கையால் அசைத்தால் லாடம் ஆடினாலோ, தார்ச்சாலையில் நடத்தும்போது ஒரு காலிலிருந்து மட்டும் ‘கிளிக்’ என்று தனிச்சத்தம் வந்தாலோ அந்தக் குதிரை வேண்டாம்.

மணல் திடலில் இதே லாடம் இன்னும் சில நாள் தாங்கியிருக்கும். பாறையில் தாங்காது. இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கி லாடம் பிடுங்கும்போது குளம்புச் சுவரில் ஒரு துண்டும் கூடவே போகும். முழுதாக விழாமல் பாதி திரும்பிவிட்டால் இன்னும் மோசம். குதிரை தன் ஆணியையே மிதித்து உள்ளங்குளம்பில் குத்திக்கொள்ளலாம். குதிரைகளுக்கு டெட்டனஸ் எளிதில் வரும் என்பதால் அந்தக் காயம் சாதாரணமானதல்ல. கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற உயர்ரகக் குதிரைகளுக்கு உள்ளங்குளம்பு மெலிதாக இருப்பது வழக்கம். பார்க்க அழகு, கூழாங்கல்லில் நொண்டும். கல்லுப் பாதைக்கு அதைவிடக் குளம்பு கெட்டியான நாட்டுக்குதிரை எவ்வளவோ மேல்.

எனவே ஏறுவதற்கு முன், பணம் கொடுப்பதற்கும் முன், நான்கு குளம்புகளையும் போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சந்தேகப்படுவதாகப் பண்ணைக்காரர் முகம் சுளிக்கலாம். திரும்பி வந்தபின் “நீங்கள்தான் ஓட்டிக் கெடுத்தீர்கள்” என்று நஷ்டஈடு கேட்கும் நேரத்தில் வாய்ப்பேச்சு உதவாது, படம் உதவும்.

மேட்டில் ஏறும்போது உடலை முன்னே சாய்த்து, பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு, கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும். குதிரை தலையை ஆட்டித்தான் சமநிலை காக்கிறது. இறங்கும்போது நிமிர்ந்து, குதிகால் தாழ, சரிவுக்கு நேராக இறக்க வேண்டும். குறுக்காக இறக்கினால் சறுக்கும் குதிரை பக்கவாட்டில் விழும். நேராக இறங்கினால் பின்னங்கால் மடங்கி அமரவாவது வாய்ப்புண்டு.

வழுவழுத்த சரிபாறை வந்தால் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்துவதே முறை. வழவழப்பான இரும்பு லாடம் ஈரப்பாறையில் பிடிக்காது. இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யும் குழுத்தலைவர்கள் உண்டு. பின்னால் வருகிறவர்களைத் துள்ளுநடையில் விரட்டுவதும் அவர்களே. அப்படிப்பட்ட குழுவைவிட, நடையிலேயே போகத் தயாரான ஒரே ஒரு துணை போதும்.

வழியில் லாடம் கழன்றால் சவாரி அத்துடன் முடிந்தது. குளம்பைச் சாக்குத்துணியால் சுற்றி, அகலமான ஒட்டுநாடாவால் இறுக்கி, நடத்தியே திரும்ப வேண்டும். இதற்கான துணியும் நாடாவும் பையில் இருக்க வேண்டும்.

பண்ணை சேர்ந்ததும் குளம்பின் அடியில் சிக்கிய கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். குளம்புச் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அப்போதே பண்ணைக்காரரிடம் காட்டிவிட வேண்டும். கல் அடித்த உட்காயம் சில சமயம் மறுநாள்தான் நொண்டலாக வெளியே தெரியும். புறப்படுமுன் இரண்டாவது முறையும் நான்கு குளம்புகளைப் படம் எடுத்துக்கொண்டால் கணக்கு சுத்தம்.