மண்ணுக்குள் போகும் ஜாயிண்ட்

அன்புள்ள மாப்பிள்ளை,

"பன்னிரண்டு வோல்ட்தானே மாமா, ஷாக்கே அடிக்காது. டேப் சுற்றி மண்ணைத் தள்ளினால் போதாதா?" என்று போனில் கேட்டாய். தோட்ட விளக்கு ஒயர் ஜாயிண்டுக்காக வெட்டிய குழியை இன்னும் மூடவில்லை என்றாயே, அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

ஷாக் அடிக்காது என்பது சரி. ஏசியில் 50 வோல்ட் வரை மிகக்குறை மின்னழுத்தம் என்று நம் விதிகளே தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆனால் கணக்கைப் போட்டுப் பார். 60 வாட் விளக்குகளுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். ஜாயிண்ட் அரித்து அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள். வீட்டு லைனில் அது ஒரு பொருட்டே இல்லை. உன் லைனில் அதே 5 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் அங்கேயே போய்விடும். சுண்டுவிரல் அளவு இடத்தில் 12 வாட்டுக்கும் மேல் சூடு எழும். சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது. கரண்ட் கூடாததால் ஃபியூஸும் போகாது.

பல வருஷத்துக்கு முன் இதே பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் டேப் சுற்றித்தான் புதைத்தேன். செப்டம்பர் மழை முடிந்ததும் கடைசி மூன்று விளக்கு மங்கிவிட்டது. தோண்டினேன். பசை இளகி டேப் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே, புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. ஒயரை ஒரு சாண் உரித்தேன். அங்கேயும் செம்பு கறுத்திருந்தது. திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகளின் சந்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். டிசி லைன் என்றால் பாசிட்டிவ் முனை இன்னும் வேகமாகக் கரையும்.

ஒயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 732 என்ன சொல்கிறது? ஜாயிண்ட் எங்கே இருந்தாலும் பிற்பாடு திறந்து சோதிக்க வழி இருக்க வேண்டும். புதைப்பதற்கென்றே செய்ததும், ரெசின் ஊற்றி இறுக்கியதும் விலக்கு. டேப் அந்த விலக்கில் சேராது. என்னைக் கேட்டால் மண்ணுக்குள் ஜாயிண்டே வேண்டாம். விளக்குக்கு விளக்கு முழு ஒயராக ஓட்டி, தரைக்கு மேல் நிற்கும் பாக்ஸுக்குள் இணை. ஒயர் நுழையும் கிளாண்ட், பாக்ஸின் அடிப்பக்கம் இருக்கட்டும். ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உள்ளே ஒரு சாண் ஒயர் உபரியாக விடு. புதைத்தே ஆகவேண்டுமென்றால் கிரிம்ப் செய்து ரெசின் கிட் போடு. சிக்பேட்டையில் கேட்டுப் பார்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 12 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் 230 வோல்ட் ஒயரை நுழைக்காதே. இன்சுலேஷன் தேய்ந்து ஒன்றையொன்று தொட்டால், 12 வோல்ட்தானே என்று குழந்தை தொட்டு விளையாடும் விளக்கில் வீட்டுக் கரண்ட் வந்து நிற்கும். 2023 நவம்பரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்து ஒரு தாயும் கைக்குழந்தையும் இறந்தார்கள். அது உயரழுத்தக் கம்பி, வேறு விஷயம்தான். ஆனாலும் பைப்பில் ஒயர் இழுக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தை என் நினைவுக்கு வருகிறது.

குழியை மூடும் முன் எல்லா விளக்கையும் எரியவிட்டு, கடைசி விளக்கில் மீட்டரை வை. வரும் வோல்ட்டைத் தேதியோடு பாக்ஸ் மூடியின் உட்புறம் எழுது. அக்டோபர் மழை விட்டதும் அதே இடத்தில் மறுபடி அளந்து எனக்குச் சொல்.

அன்புடன்,
மாமா