"கேஸ்" என்று சொல்லி விட்டுவிடலாமா?



முகப்பேரிலோ அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலோ ஒரு மருந்துக் கடையருகே சற்று நின்று பாருங்கள். "கேஸுக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று வருகிறவர்கள் அநேகர். ஏப்பம் வந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், நெஞ்சு அடைத்தாலும் கேஸ்! இந்த ஒரு சொல்லுக்குள் பல வியாதிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இரைப்பை அழற்சி.

உணவைச் செரிக்க இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி அதன் உட்புறச் சவ்வு காக்கிறது. இந்தச் சவ்வு புண்பட்டு வீங்குவதே இரைப்பை அழற்சி. மேல்வயிற்றில் எரிச்சல் அல்லது வலி, குமட்டல், வாந்தி, நாலு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, பசியின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

பழியெல்லாம் காரக்குழம்பின்மேல் விழுகிறது. காரம் எரிச்சலைக் கூட்டலாம். பெரும்பாலும் மூலகாரணம் அதுவல்ல. முழங்கால் வலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சவ்வைப் புண்ணாக்குகின்றன. அந்த எரிச்சலுக்கு மறுபடி ஒரு கேஸ் மாத்திரை! (இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.) மதுவும் ஒரு காரணம்.

மற்றொரு முக்கிய காரணம் ஒரு கிருமி. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இக்கிருமியை நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்தார்கள். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் இக்கிருமி பலருக்குச் சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபி ஆகியவற்றால் இதைக் கண்டுபிடிக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் தருவார்கள். நாலாம் நாள் எரிச்சல் தணிந்ததும் மாத்திரையைப் பரணில் போட்டுவிடுவது நம்மவர் வழக்கம். கிருமியோ போயிருக்காது, அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம்.

தார்போலக் கருத்த மலம், இரத்தமாகவோ காபித்தூள் போலவோ வாந்தி, இவை உள்ளே இரத்தம் கசிவதைக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும், அன்றே காண்பியுங்கள். காரணமின்றி உடல் மெலிந்தாலும், விழுங்க முடியாமல் உணவு தடைபட்டாலும் எண்டோஸ்கோபி தேவை.

மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்று எரிச்சலாகவே வருகிறது. முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியோர் ஆகியோருக்கு. வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ சோடா வாங்க ஆள் அனுப்பாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுத்து, இருதயக் கோளாறு அல்லவென்று வைத்தியர் சொன்ன பிறகு வயிற்றைக் கவனித்துக்கொள்ளலாம்.