கன்னமிட வந்தவனும் ஐந்தாம் கற்பனையும்



நடுராத்திரியில் ஒருவன் கதவை உடைத்து வீட்டுக்குள் வருகிறான். வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிறார். பக்கத்திலே மனைவி மக்கள் தூங்குகிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் அரிவாளோ இரும்புத் தடியோ இருக்கிறது. வந்தவனைக் கொல்லலாமா?

இந்தக் கேள்வியைத் தெருவிலே கேட்டால் யோசனையில்லாமல் பதில் வரும்: "திருட வந்தவன் செத்தால் அது அவன் தேடிக்கொண்டது. வீட்டுக்காரன் மேல் என்ன குற்றம்?" திருச்சபையின் போதகம் இந்தப் பதிலை முழுவதும் தள்ளுவதுமில்லை, முழுவதும் ஏற்பதுமில்லை. எவ்வளவு ஏற்கிறது, எங்கே நிறுத்துகிறது என்பதைக் கிறீஸ்தவக் குடும்பங்கள் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கதவு உடைகிற சத்தம் கேட்டபின் ஞானோபதேசம் படிக்க நேரமிராது.

1. இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு

1999-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி இரவு, இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த எம்னெத் ஹங்கேட் என்னும் ஊரில், டோனி மார்ட்டின் என்ற விவசாயியின் வீட்டுக்குள் இரண்டு பேர் திருடப் புகுந்தார்கள். அவர் ஒதுக்கமான பண்ணை வீட்டில் தனியே வசித்தவர். முன்னே பல தடவை தம் வீட்டில் திருட்டு நடந்ததென்றும், போலீஸாரால் பயனில்லை என்றும் சொல்லிவந்தவர். அன்று இருட்டிலே துப்பாக்கியால் சுட்டார். ஒருவனுக்குக் கால்களில் காயம். மற்றவன் முதுகிலே குண்டுபட்டு, வெளியே தோட்டத்தில் செத்துக் கிடந்தான். அவனுக்கு வயது 16. சுட்ட துப்பாக்கிக்கு லைசென்ஸும் கிடையாது.

2000-ம் ஆண்டு ஏப்ரலில், பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் அது கொலைதான் என்றார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-ல் அப்பீல் கோர்ட்டு தற்காப்பு என்ற வாதத்தை ஏற்க மறுத்தது. ஆனால் அவருடைய மனநிலையில் கோளாறு இருந்தது என்ற வைத்தியர் சாட்சியத்தை ஏற்று, குற்றத்தைக் குறைத்துத் தண்டனையை ஐந்து வருஷமாக்கியது. 2003 ஜூலையில் விடுதலையானார், 2025-ல் காலமானார்.

இந்த வழக்கால் அந்தத் தேசமே இரண்டுபட்டது. "தன் வீட்டைக் காத்தவனுக்கா சிறைச்சாலை?" என்று ஒரு பக்கம். "ஓடுகிற சிறுவனின் முதுகில் சுடுவதா காவல்?" என்று மறுபக்கம். 2003-ம் ஆண்டு முடிவில் பி.பி.சி. வானொலியின் "டுடே" நிகழ்ச்சி தன் நேயர்களை, "எந்தப் புதிய சட்டம் வேண்டும்?" என்று கேட்டது. வெற்றி பெறும் யோசனையைப் பார்லிமெண்டில் கொண்டுவர ஒரு அங்கத்தினரும் ஒப்புக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 26,000 வாக்குகள் வந்தன. அவற்றில் நூற்றுக்கு 37 பெற்று முதலாவது வந்த யோசனை இதுவே: வீட்டுக்குள் புகுந்தவனுக்கு விரோதமாக வீட்டுக்காரர் எந்த வழியையும் கையாளலாம். ஒப்புக்கொண்ட அங்கத்தினரே இதைப் பார்த்துத் திகைத்துப்போனார். அந்த யோசனை சட்டமாகவில்லை. பத்து வருஷத்துக்குப் பின், 2013-ல், வீட்டுக்காரருக்குச் சாதகமாகச் சட்டம் சற்றுத் தளர்த்தப்பட்டது. ஆனாலும் மிதமிஞ்சி அளவுகடந்த பலாத்காரம் குற்றமே என்ற எல்லை அங்கே நிற்கிறது.

2. ஜனங்களின் அபிப்பிராயம்

இப்படிப்பட்ட அபிப்பிராயத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. அதற்குள்ளே ஒரு நியாயமான பயம் இருக்கிறது. தனியாக இருக்கும் வயோதிபர், கணவன் தூரதேசத்தில் வேலைசெய்ய, பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் தாய்மார் இவர்களுடைய பயம் வேடிக்கையல்ல. காவல் செய்ய வேண்டியவர்கள் காவல் செய்யாவிட்டால் ஜனங்கள் தாங்களே ஆயுதம் எடுக்க நினைப்பார்கள். ஆளுகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆனால் வாக்குகளின் எண்ணிக்கை ஒரு செய்கையை நீதியாக்காது. வானொலிக்கு வாக்களித்தவர்கள் ஆபத்தில்லாத இடத்தில் உட்கார்ந்து கோபத்தோடு வாக்களித்தவர்கள். செத்தவனுக்கு அங்கே வாக்கில்லை. பிலாத்துவும் ஒருநாள் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டான். ஜனங்கள் பரபாஸைக் கேட்டு, சேசுநாதரைச் சிலுவையில் அறையச் சொன்னார்கள். அந்தப் பரபாஸ் ஒரு கள்வன் என்று அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார். அன்று கூட்டம் கள்வனைத் தப்பவிட்டு, மாசற்றவரைக் கொன்றது. கூட்டத்தின் சத்தம் நீதியின் சத்தமல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

3. வேதாகமம் காட்டும் அளவு

யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தில் இதே விஷயம் இருக்கிறது. ராத்திரியில் கன்னமிடும்போது பிடிபட்ட திருடன் அடிபட்டுச் செத்தால், அடித்தவன் மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அவனைக் கொன்றால், இரத்தப்பழி உண்டு. திருடன் களவு போனதற்கு ஈடு செலுத்த வேண்டும்.

திருட்டு ஒன்றே, திருடனும் ஒருவனே. சூரியன் உதித்ததால் மாறியது என்ன? இருட்டில் வந்தவன் திருட வந்தானோ கொல்ல வந்தானோ தெரியாது. கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கூப்பிட்டால் உதவிக்கு ஆள் வருமோ என்பதும் தெரியாது. வெளிச்சத்தில் இவை தெரியும். ஆகவே சர்வேசுரன் வீட்டுக்காரருக்குத் தந்த நியாயத்தின் அளவு ஆபத்தே. பறிபோகும் பொருளும் அல்ல, வீட்டுக்காரரின் கோபமும் அல்ல. திருடனுடைய உயிருக்கும் சூரியன் சாட்சி சொல்லுகிறது.

4. திருச்சபையின் போதகம்

ஆதித் திருச்சபையின் வேதபாரகர்கள் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். ஆயுதம் தாங்கிய கள்வன் எதிர்ப்பட்டாலும் கிறீஸ்தவன் திருப்பி அடிக்கலாகாது, தன் உயிரைக் காக்கப்போய் தேவசிநேகத்தைக் கெடுத்துக்கொள்வான் என்பது அர்ச். அம்புரோசியாரின் எண்ணம். போர்ச்சேவகரும் அதிகாரிகளும் பிறரைக் காக்கச் செய்வது வேறு; தன் உயிருக்காகத் தனி மனிதன் கொல்வதைத் தாம் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்ச். அகுஸ்தீன் எழுதினார்.

13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விஷயத்தை இன்னும் நுட்பமாக விளக்கினார். ஒரே செய்கைக்கு இரண்டு பலன்கள் இருக்கலாம். தன் உயிரைக் காப்பது ஒன்று. தாக்கினவன் சாவது மற்றொன்று. முதலாவதையே நாடி, அதற்கு வேண்டிய அளவு பலத்தை மட்டும் பிரயோகித்தால் குற்றமில்லை. வேண்டியதற்கு மேல் போனால் குற்றம். இன்றுவரை திருச்சபையின் போதகம் இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2263 முதலான எண்களில் இதையே போதித்து, மேலும் ஒன்று சொல்லுகிறது: பிறருடைய உயிருக்குப் பொறுப்பாளியானவனுக்குத் தற்காப்பு வெறும் உரிமையல்ல, கனமான கடமையும் ஆகலாம். தன் குழந்தைகளை வெட்ட வருகிறவனைத் தடுக்காமல் ஒதுங்கி நிற்கும் தகப்பன் சாந்தகுணமுள்ளவன் அல்ல.

பொருளுக்காகக் கொல்வதோ வேறு. ஒரே ஒரு பொற்காசைக் காப்பதற்காகக்கூடத் திருடனைக் கொல்லலாம் என்று சிலர் போதித்த காலமுண்டு. 1679-ம் ஆண்டில் 11-ம் இன்னொசென்சியுஸ் பாப்பரசர் அந்தப் போதகத்தைக் கண்டித்துத் தள்ளினார்.

5. நம் நாட்டுச் சட்டம்

1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்பு விதிகள், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றன. சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் வீட்டை உடைத்துப் புகுந்தவனைத் தடுக்கையில் மரணம் நேர்ந்தாலும், அது தற்காப்பு உரிமைக்குள் அடங்கலாம் என்று 41-ம் பிரிவு சொல்லுகிறது. யாத்திராகமத்தின் சூரியனை இங்கேயும் காண்கிறோம். ஆனால் 37-ம் பிரிவு கடிவாளம் போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் ஊறு செய்யக்கூடாது, அதிகாரிகளை அழைக்க நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. ராத்திரியில் புகுந்தவன் விஷயத்தில், அவன் வீட்டுக்குள் இருக்கும் வரைக்குமே அந்த உரிமை நீடிக்கும். அவன் வெளியேறி ஓடினபின் துரத்திப்போய் வெட்டுவது தற்காப்பு ஆகாது.

6. சில வினாக்களும் விடைகளும்

வினா: திருடன் நகைகளோடு ஓடுகிறான். பின்னாலிருந்து தலையில் அடித்துக் கொல்லலாமா?
விடை: கூடாது. துரத்தலாம், பிடிக்கலாம், கூச்சலிட்டு அயலாரைக் கூப்பிடலாம். நகையைத் திரும்பச் செய்துகொள்ளலாம். உயிரைத் திரும்பச் செய்ய நம்மாலாகாது.

வினா: இருட்டில் ஒருவன் மேலே பாய்ந்தான். குடும்பத்துக்கு அஞ்சி அடித்தேன், செத்துப்போனான். சாவான பாவமா?
விடை: முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாமல் சாவான பாவம் இல்லை. உயிரைக் காப்பதே நோக்கமாயிருந்து, அப்போது அவசியமென்று மெய்யாகவே கண்டதைச் செய்தவன் கொலைபாதகன் அல்ல. ஆனாலும் உள்ளதை உள்ளபடி போலீஸாரிடம் சொல்லவேண்டும். மனம் கலங்கினால் குருவானவரிடம் வரட்டும். தனியே உட்கார்ந்து உருக வேண்டாம்.

வினா: திருடர் வராதபடி வீட்டைச் சுற்றி மின்சாரக் கம்பி கட்டலாமா?
விடை: ஆளைக் கொல்லும் மின்சாரம் பாய்ச்சுவது பெரும் பாதகம். கம்பிக்குக் கண்ணில்லை. பந்தெடுக்க வந்த குழந்தையையும் வழிதவறி வந்த கிழவியையும் திருடனையும் அது ஒன்றாகவே கொல்லும். ஆபத்தை நேரிலே பார்த்து அளவிட ஆளில்லாத இடத்தில் தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வினா: பிடிபட்டவனை மின்கம்பத்தில் கட்டி, ஆளுக்கு நாலு அடி போட்டால் என்ன?
விடை: இதுவே நம் ஊர்களில் அதிகமாகப் பயப்பட வேண்டிய பாவம். கைகள் கட்டப்பட்டபின் ஆபத்து முடிந்தது. அதற்குமேல் விழும் ஒவ்வொரு அடியும் பழிவாங்குதலே. 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், கடைகளில் அரிசி முதலானவற்றைத் திருடினான் என்று சொல்லி, மனநலம் குன்றிய ஒரு ஆதிவாசி வாலிபனைக் கைகளைக் கட்டி அடித்தார்கள், அவன் செத்தான். 2023-ல் கோர்ட்டு 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. கூட்டத்தில் அடித்தால் பாவம் பங்குபோட்டுக் குறையாது. ஒவ்வொருவனும் முழுவதையும் சுமப்பான்.

வினா: எதிர்க்காமல் பொருளைக் கொடுத்துவிட்டால் கோழைத்தனமா?
விடை: அல்ல. பிள்ளைகளின் உயிர் தப்புமானால் பீரோ சாவியைக் கொடுப்பதே விவேகம்.

7. வீடுகளில் செய்யவேண்டியது

உறுதியான தாழ்ப்பாளும், வாசலில் ஒரு விளக்கும், கூப்பிட்டால் ஓடிவரும் அயலாரும் அரிவாளைவிட நல்ல காவல். நகையும் ரொக்கமும் வீட்டில் இருப்பதைப் பிறர் காதுபடப் பேசவேண்டாம். தனியாக இருக்கும் வயோதிபருக்கு அடுத்த வீட்டார் தங்கள் டெலிபோன் நம்பரைக் கொடுத்து, ராத்திரியில் எந்நேரமும் கூப்பிடச் சொல்லட்டும். இது பிறர்சிநேகக் கிரியை. போலீஸ் உதவிக்கு 100 அல்லது 112 என்ற எண்ணைப் பிள்ளைகளும் மனப்பாடமாய் அறிந்திருக்கட்டும்.

கல்வாரி மலையில் நம் ஆண்டவருக்குப் பக்கத்தில் தொங்கினவன் ஒரு கள்ளன். அவன் உயிரோடிருந்த கடைசி நேரத்திலே மனந்திரும்பி மோட்சத்தை அடைந்தான். நம் வீட்டுக்குள் புகுகிறவனுக்கும் அப்படி ஒரு நேரம் சர்வேசுரன் வைத்திருக்கலாம். நம் குடும்பத்தின் உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதன்றி, அந்த நேரத்தை அவனிடமிருந்து பறிக்க நமக்கு அதிகாரமில்லை. இந்த வாரம் குடும்ப ஜெபமாலையின் முடிவில் இதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லி, திருட்டுத் தொழிலில் விழுந்தவர்கள் மனந்திரும்பும்படி ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு