ஊன் உண்ணும் புழுவும் உயிர் உண்ணும் புழுவும்

இறைவனின் படைப்பில் சிறியது என்று ஒதுக்கத்தக்கது ஒன்றுமில்லை. திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயமாகிய ‘அல்ஹஜ்’, ஈயை எடுத்துக்காட்டாக வைத்துப் படைப்பாற்றலைச் சிந்திக்கத் தூண்டுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அறிஞர் அல்-ஜாஹிஸ், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் தம் பெருநூலில், ஓருயிர் மற்றோருயிருக்கு இரையாகும் தொடர்பை எடுத்துரைத்தார். அவ்வழி நின்று, அருவருப்புக்குரியது என நாம் விலகிச் செல்லும் ஈப்புழுவின் வாழ்வை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஊனை நாடி வருதல்

அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானே தோன்றுகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி 1668இல் இதனைச் சோதனையால் மறுத்தார். மெல்லிய துணியால் மூடிய கலத்து இறைச்சியில் புழு தோன்றவில்லை. ஈக்கள் வந்தமர்ந்த திறந்த கலத்து இறைச்சியிலேயே தோன்றிற்று. ஈ இட்ட முட்டையே புழுவுக்கு மூலம் என்பது இதனால் தெளிவாயிற்று.

விலங்கு இறந்த சிறிது நேரத்திலேயே பிணம் நாடும் ஈக்கள் வந்து முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இருமுறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடந்து, பின்னர்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறக்கின்றது. பிணமோ அளவுடையது, விரைவில் தீர்ந்துபோவது. அதனை நாடி வரும் புழுக்களோ எண்ணற்றவை. இந்நெருக்கடியிலேதான் போட்டி கொலையாக மாறுகின்றது.

கொன்றுண்ணும் முறை

‘கிரைசோமயா ஆல்பிசெப்ஸ்’, ‘கிரைசோமயா ரூஃபிஃபேசிஸ்’ என்னும் நெருங்கிய உறவுடைய இரண்டு ஈயினங்கள் இங்கே கருதத்தக்கன. முதற்பருவத்தில் இவற்றின் புழுக்கள் ஏனைய புழுக்களைப் போன்று ஊனையே உண்கின்றன. இரண்டாம், மூன்றாம் பருவங்களில் ஊனோடு உயிருள்ள புழுக்களையும் இரையாகக் கொள்கின்றன. கொல்லும் புழு, இரைப்புழுவின் உடலைச் சுற்றி வளைத்துக்கொண்டு, வாய்க்கொக்கிகளால் தோலைத் துளைத்து, உள்ளிருக்கும் நீர்மத்தை உறிஞ்சுகின்றது. உணவு அருகும்போது தன்னினத்தையே உண்ணவும் தயங்குவதில்லை. இப்புழுக்களின் உடல் முழுதும் தசைமுட்கள் போன்ற புடைப்புகள் உண்டு. வழவழப்பான உடலுடைய ஏனைய புழுக்களிலிருந்து இவற்றைப் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம்.

பிரேசில் தந்த பாடம்

ஆல்பிசெப்ஸ் பிரேசில் நாட்டிற்கு உரியதன்று. 1970களின் நடுப்பகுதியில் அது அங்கே புகுந்தது. அதன்பின், அந்நிலத்திற்கே உரிய ‘காக்லியோமயா மாசெல்லாரியா’ என்னும் ஈயினம் குறையத் தொடங்கிற்று. காரணத்தை அறிய ஆய்வாளர்கள் புழுக்களை ஒன்றாக வைத்து நோக்கினர். ஆல்பிசெப்ஸ் புழுக்கள் தம்மைப் போலவே அயலிலிருந்து வந்த ‘மெகாசெஃபாலா’, ‘புடோரியா’ இனப்புழுக்களைவிட, மண்ணுக்குரிய மாசெல்லாரியாப் புழுக்களையே மிகுதியாகத் தாக்கியதை 1999இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே, புதிதாக வந்த கொன்றுண்ணி எல்லா உயிர்களையும் ஒரே அளவில் அழிப்பதில்லை. எளிதில் அகப்படுவதன் மீதே பெருஞ்சுமை விழுகின்றது.

இரைப்புழுவுக்குத் தப்பும் வழி காலமே. முன்னரே வந்து வளர்ந்து, கொன்றுண்ணி பருவமடையுமுன் பிணத்தைவிட்டு நீங்கும் புழு பிழைக்கின்றது, பிந்தியது இரையாகின்றது.

நீதிக்கு வரும் இடர்

இவ்வாராய்ச்சி புழுக்களோடு முடிவதன்று. மனிதன் இறந்த காலத்தைக் கணிக்க, உடலில் உள்ள புழுக்களின் வயது சான்றாகின்றது. மிக மூத்த புழுவின் வயது, இறப்பு நிகழ்ந்து குறைந்தது எத்துணைக் காலம் ஆயிற்று என்பதை உணர்த்தும். ஆனால், இந்தியாவிலும் காணப்படும் ரூஃபிஃபேசிஸ் பெரும்பாலும் பிற ஈக்களுக்குப் பின்னரே பிணத்திற்கு வருவது. அதன் புழுக்கள் முன்வந்தவற்றைத் தின்று தீர்த்துவிட்டால், எஞ்சுவன இளைய புழுக்களே. அவற்றை மட்டும் நோக்கிக் கணிப்போர், இறப்பு அண்மையில் நிகழ்ந்ததாகக் கருதிவிடக்கூடும். ஒரு நாள் வேறுபாடு குற்றமற்றவன் மீது பழி விழவும், குற்றவாளி தப்பவும் இடந்தரும். ஆதலின், கிடைத்த புழுவை எண்ணுவதோடு நில்லாது, அது எவ்வினம், எதனை உண்பது என்பதையும் ஆய்வோர் அறிதல் வேண்டும்.

முடிவுரை

பிணத்தை மண்ணோடு சேர்க்கும் பணியை இவ்வுயிர்கள் நாள்தோறும் செய்கின்றன. அவற்றுள்ளும் கொல்வதும் தப்புவதும் ஓர் ஒழுங்கில் நடைபெறுகின்றன. அவ்வொழுங்கை அறிந்தவனே சான்றைச் சரியாகப் படிக்க இயலும். காணாததை இல்லையென முடிவு கட்டாமை அறிவியலுக்கும் நீதிக்கும் பொதுவான நெறியாகும். மாணவ மணிகள் இந்நெறியைத் தம் கல்வியிலும் கைக்கொள்வாராக.