நிறுத்தினால்தான் மங்கும்

சைக்கிள் ஓடும்போது கண்ணாடி மங்குவதில்லை. காலை ஊன்றி நிற்கும்போதுதான் மங்குகிறது. சுபஹ் தொழுதுவிட்டு இறக்காமத்திலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் ஓடும் எனக்கு மாரி காலத்தில் இது அன்றாடப் பாடு. வட்டைகளுக்கு நடுவே காற்று முகத்தில் அடிக்கும்வரை எல்லாம் தெளிவு. ஒரு மாட்டுக்கூட்டம் வீதியை மறித்தாலோ, ஹிங்குரானைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டருக்கு ஒதுங்கி நின்றாலோ போதும், பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும்.

முகத்தின் சூடும் வியர்வையும் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள காற்றை ஈரமாக்குகின்றன. ஓடும் வேகம் அந்த ஈரத்தை வெளியே இழுத்துவிடுகிறது; நின்றதும் அது அங்கேயே தேங்கி, காலைக் காற்றில் குளிர்ந்த லென்ஸில் படிகிறது. கச்சான் வீசும் மாதங்களில் நின்றாலும் படியாது, ஏனென்றால் காற்று உலர்ந்தது, லென்ஸும் சூடு. ஆகவே கச்சானில் வாங்கிய கண்ணாடியை மாரி வரும்வரை புகழ வேண்டாம்.

கடையில் "காக்கா, ஊதிப் பாருங்க, மங்காது" என்பார்கள். ஊதினால் லென்ஸின் மங்காத பூச்சைத்தான் சோதிக்கிறோம். எனக்கு முக்கியம் பிரேம். இமைமயிர் லென்ஸில் முட்டக்கூடாது, புருவத்துக்கும் மேல்விளிம்புக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்க, வளைக்கக்கூடிய ரப்பர் மூக்குப்பிடி உள்ளதையே கேளுங்கள். தூசுக்கென்று உள்ளே பஞ்சு வைத்து முகத்தோடு ஒட்டும் மாதிரிகள் மோட்டார் சைக்கிளுக்குச் சரி. வியர்த்து மிதிப்பவனுக்கு அவை நீராவிப் பெட்டி. ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். அதன் முன்விளிம்பு கண்ணாடியைக் கீழே தள்ளினால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை. பிறகு வெளியே வேகமாக நடந்து வியர்த்துவிட்டு, காற்றில்லாத மூலையில் சும்மா நில்லுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பவர் கூடியவர்களுக்குத்தான் சிக்கல். முகத்தைச் சுற்றி வளையும் விளையாட்டுக் கண்ணாடிகள் பார்க்க அழகு. ஆனால் எனக்கு மைனஸ் மூன்றுக்கு மேல். அந்த வளைவில் அவ்வளவு பவரை வெட்டினால் விளிம்பு தடிக்கும், ஓரத்தில் வீதி கோணலாகத் தெரியும். வளைவைக் கணக்கிட்டு வெட்டும் லென்ஸ்கள் உண்டு, விலைதான் கை சுடும். வெளிக்கண்ணாடிக்குப் பின்னால் சிறிய பவர் கண்ணாடியைக் கொளுவும் முறையும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை: மங்குவதற்கு இரட்டிப்பு முகங்கள், நடுவில் அடைபட்ட காற்று, இமையில் முட்டும் லென்ஸ். வளைவு குறைந்த விளையாட்டுப் பிரேமில் நேரடியாகப் பவர் போடுவதே எங்கள் காலநிலைக்கு நல்லது. லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் ஆக இருக்கட்டும். விழுந்தாலும் கண்ணுக்குள் சில்லாகாது.

மங்காத பூச்சு என்பது நீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரத்துவது. துடைக்கத் துடைக்கத் தேயும். தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கான ஐரோப்பியத் தரத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்து மங்காமைக்கு அடையாளம். அதற்கான பழைய சோதனையில் 8 வினாடி மங்காமல் நின்றால் போதும் என்றிருந்தது. எங்கள் ஊர் மாட்டுக்கூட்டம் 8 வினாடியில் கடந்ததாக எனக்கு நினைவில்லை.

சவர்க்காரத் தண்ணீர் மலிவான வழி. முகமூடி போட்டால் கண்ணாடி மங்குவதற்கு இதையே மருந்தாகச் சொல்லி, 2011இல் இங்கிலாந்து அறுவைச் சிகிச்சை வல்லுநர் கல்லூரியின் இதழில் ஒரு குறிப்பு வந்தது. கழுவி, நீரை உதறி, தானாகக் காயவிட வேண்டும். ஏற்கெனவே பூச்சுள்ள லென்ஸ் என்றால் முதலில் கடையில் கேளுங்கள். சாரன் நுனியால் துடைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வீதித் தூசும் வியர்வை உப்பும் சேர்ந்து அரம்போல் கீறும்.

விடியுமுன் புறப்படுபவர்களுக்குக் கறுப்பு லென்ஸ் ஆபத்து. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸை நான் எடுத்தேன். கடும் சூட்டில் அது முழுதாகக் கறுக்காது, ஆனாலும் இருட்டில் தெளிவாக இருக்கிறதே. பளபளப்பைத் தடுக்கும் போலரைஸ்ட் லென்ஸ் வயல்நீரின் கண்கூச்சத்துக்கு நல்ல பரிகாரம்; கைப்பிடியில் பூட்டிய போன் திரை சில கோணங்களில் இருண்டுவிடும்.

கல்முனையில் ஓடர் கொடுக்கும்போது இன்னொரு வேலை இருக்கிறது. கைப்பிடிக்குக் குனிந்து மிதிக்கையில் நாம் லென்ஸின் மேற்பகுதியால்தான் வீதியைப் பார்க்கிறோம். பிரேமைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் இருப்பதுபோல் குனிந்து, தூரத்தைப் பாருங்கள். கருவிழி வரும் இடத்தில் மாதிரி லென்ஸின்மேல் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், இரு கண்ணுக்கும் தனித்தனியாக. லென்ஸ் வெட்ட பிரேம் கொழும்புக்குப் போவதானால், அந்தப் புள்ளிகளோடு போகட்டும்.